அழுத்தம் முதல் துண்டில்

பாரிசவாதம் வந்த பிறகு என் மனைவி பேசிய முதல் சொல் ‘மாட்பக்கே’. அது தமிழாக்கும் என்று தாதி என்னைப் பார்த்தார். அது ஏதோ ஜேர்மன் சொல்லாக்கும் என்று நான் தாதியைப் பார்த்தேன். மற்றவர் விளக்குவார் என்று இரண்டு பேரும் காத்து நின்றோம். கட்டிலில் சாய்ந்திருந்தவள் இன்னொரு தடவை சொன்னாள். குழறல் இல்லை, திக்கல் இல்லை. சுகமாக இருந்த காலத்தில் எப்படிப் பேசுவாளோ அப்படியே வந்தது. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

அதற்கு முந்தைய வாரங்களில் அவளிடமிருந்து வந்ததெல்லாம் முனகல்தான். வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. அதைப் பற்றி நான் அவ்வளவாகக் கவலைப்படவில்லை. கை கால் விழுந்தால் தூக்க நான் இருக்கிறேன், குளிப்பாட்ட நான் இருக்கிறேன், என் முதுகு இன்னும் நல்ல முதுகு. ஆனால் எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஹனோவரில் எங்கள் வீட்டில் இத்தனை வருடங்களாகப் பேசிய வாய்கள் இரண்டே இரண்டு. கறிக்கு உப்புக் கூடிவிட்டது என்று சொல்லவும், நான் போட்டிருக்கும் சட்டை எனக்குப் பொருந்தவில்லை என்று சொல்லவும், நான் சொல்லும் பொய்யான கதைகளுக்கு மூக்கைச் சுளிக்கவும் அவள் ஒருத்திதான். அவள் என்னோடு மறுபடி கதைக்க வேண்டும். கடவுளிடம் நான் வேறு எதையும் கேட்கவில்லை. அதை மட்டும் கேட்டேன், கூச்சமில்லாமல் தினமும் கேட்டேன்.

அந்தச் சொல் எந்த மொழி என்று கண்டுபிடித்தது அவளுடைய தங்கச்சி. மனைவி ஏழு வயதில் தாய் தகப்பனோடு நோர்வேக்குப் போனவள். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் நோர்வே மொழி. படித்தது, சண்டை பிடித்தது, பனிச்சறுக்கில் விழுந்து பல்லை உடைத்துக்கொண்டது எல்லாம் அந்த மொழியில்தான். என்னைக் கட்டிக்கொண்டு இங்கே வந்த பிறகு மூன்றாவதாக ஜேர்மனும் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒஸ்லோவில் இருக்கும் தங்கச்சிக்குத் தொலைபேசி எடுத்தால் மட்டும் பழைய மொழிக்குப் போய்விடுவாள். அந்த மொழி ஒவ்வொரு சொல்லிலும் ஏறி இறங்கும். “கதைக்கிறியளோ, பாட்டுப் படிக்கிறியளோ?” என்று நான் குசினியிலிருந்து கேட்பேன். “உங்களுக்கு விளங்கக் கூடாதெண்டுதான் இந்தப் பாசை” என்பாள். அவர்கள் என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பது எனக்கு எப்போதும் தெரியும். மொழி தெரியாவிட்டாலும் அந்தச் சிரிப்புத் தெரியும்.

மருத்துவமனையிலிருந்தே தங்கச்சிக்கு அழைத்து, தொலைபேசியை அவள் வாயருகே பிடித்தேன். மூன்றாவது தடவையும் சொன்னாள். மறுமுனையில் தங்கச்சி அழத் தொடங்கிவிட்டாள்.

“அத்தான், அது நோர்வேஜியன். மாட் எண்டா சாப்பாடு. பக்கே எண்டா பொதி. நாங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போற பாண் பொதி. ரெண்டு பாணுக்கு நடுவிலை பேப்பர் வைச்சு அம்மா கட்டித் தாறவ.”

“அப்ப அவவுக்குப் பசிக்குதோ?”

“இருக்கும் அத்தான். குடுத்துப் பாருங்கோ.”

நான் கீழே ஓடிப்போய் பாண் வாங்கி, வெண்ணெய் பூசி, நடுவில் காகிதம்கூட வைத்துக் கொண்டுவந்து நீட்டினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்குப் பசிக்கவில்லை. சரி, முதல் சொல்தானே, குறி கொஞ்சம் தவறத்தான் செய்யும் என்று எண்ணிக்கொண்டு அந்தப் பாணை நானே தின்றேன். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோசத்தில் காகிதத்தையும் சேர்த்துத் தின்றிருப்பேன்.

மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுத்தவர் ஒரு இளம் ஜேர்மன் பெண். நெடுநெடுவென்று வளர்ந்தவர், எதையும் சுற்றி வளைக்காமல் சொல்பவர். அவர் எனக்கு ஒரு தாளில் மண்டையை வரைந்து காட்டினார். பேச்சு இருக்கும் பக்கம் அடிபட்டுவிட்டது. ராகம் இருக்கும் பக்கம் தப்பியிருக்கிறது. சில பேருக்கு ராகத்தைப் பிடித்து இழுத்தால் அதோடு சொல்லும் கூட வரும். இடது கையால் மேசையில் தட்டிக்கொண்டே, கிட்டத்தட்டப் பாடுவது போலச் சொல்லிப் பழக்க வேண்டும். ஜேர்மனில் முயன்றார், வரவில்லை. தமிழில் முயலச் சொன்னார். நான் தேவாரம் பாடினேன், அவள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நோர்வே மொழியில்தான் கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது, அங்கே சொல்லுக்குள்ளேயே ராகம் இருக்கிறது, கூட்டுச் சொற்களில் அது நீளமாக வரும், அதைத்தான் பிடிக்க வேண்டும் என்றார். எனக்கு அந்த மொழி தெரியாது, உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். அப்படியென்றால் படியுங்கள் என்றார்.

ஐம்பத்தைந்து வயதில் எனக்கு மூன்றாவது மொழி. இரண்டாவதே இன்னும் ஒழுங்காக வாயில் நிற்கவில்லை. நான் ஹனோவரில் ட்ராம் ஓட்டுகிறேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்து ஓட்டுவதற்கு அதிகம் பேசத் தேவையில்லை, நிறுத்தங்களின் பெயரைப் பதிவு செய்த குரல் சொல்லிக்கொள்ளும். தண்டவாளம் பழுதாகி மாற்றுப் பேருந்து விடும் நாட்களில்தான் எனக்குச் சனி பிடிக்கும். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் ஒரு முழ நீளம். ஒலிவாங்கியில் நான் அதை அறிவித்தால் பயணிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். பாரிசவாதத்துக்கு அவர்கள் சொல்லும் சொல்லும் அப்படித்தான். ஷ்லாக் என்றால் அடி, அன்ஃபால் என்றால் திடீரென்று வருவது. மருத்துவர் ஷ்லாக் என்பதை ஓங்கிச் சொல்லி, ஒரு இம்மி நிறுத்தி, அன்ஃபாலைத் தாழ்த்திச் சொன்னார். நான் எல்லாவற்றையும் ஒன்றாக்கி ஷ்லாகன்ஃபால் என்றேன். மேலதிகாரிக்குத் தொலைபேசியில் அதைச் சொல்லி விடுமுறை கேட்டபோது, அவர் அதை ஒரு ஊர் என்று நினைத்து எத்தனை நாள் தங்குவீர்கள் என்று கேட்டார்.

எங்கள் வாய் அப்படி. தமிழில் எந்த எழுத்தையும் நாங்கள் மற்றதைவிட உயர்த்துவதில்லை. குறில் குறிலாக, நெடில் நெடிலாக எல்லாம் வரிசையில் நிற்கும். மெய்க்குப் பின்னால் உயிர் வந்தால் இழுத்து ஒட்டிக்கொள்ளும், இடைவெளி என்ற பேச்சே கிடையாது. இவர்களுடைய மொழிகளில் கூட்டுச் சொல்லுக்கு ஒரு மூத்தவரும் ஒரு இளையவரும் உண்டு. மூத்த துண்டுக்குத்தான் அழுத்தம். இளைய துண்டுக்கு அரை அழுத்தம். மிச்சமெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு போக வேண்டும். இரண்டு துண்டும் சந்திக்கும் இடத்தில் ஒன்றின் எழுத்து மற்றதற்குள் தாவக் கூடாது. இவ்வளவு வருடம் இது தெரியாமலே நான் இந்த நாட்டில் சம்பளம் வாங்கியிருக்கிறேன்.

தங்கச்சி ஒவ்வொரு நாளும் நான்கைந்து சொற்களைக் குரலாகப் பதிந்து அனுப்பினாள். வேலை இடைவேளையில் ட்ராம் நிலையத்துச் சிற்றுண்டி அறையில் காதில் மாட்டிக்கொண்டு கேட்பேன். பார்ணஹாகே, சிறுவர் பள்ளி. நான்கு தட்டு. முதல் தட்டு ஓங்கி விழ வேண்டும், மூன்றாவது பாதி ஓங்கி. குரல் மேலே தொடங்கி, கீழே போய், கடைசியில் யாரோ கூப்பிட்டது போல மறுபடி ஏறும். வாஸ்கமஷீன், துணி தோய்க்கும் இயந்திரம். இதிலும் நான்கு தட்டு, ஆனால் அரை அழுத்தம் கடைசியில் போய் உட்கார்ந்திருக்கும். ப்ரூன்உஸ்ட், ஆட்டுப் பாலில் செய்யும் மண்ணிறச் சீஸ். ப்ரூன் என்று முடித்துவிட்டுத்தான் உஸ்ட் தொடங்க வேண்டும். நான் ப்ரூனுஸ்ட் என்று வெண்ணெய் உருகுவது போலச் சொல்லுவேன். சொல்லிப் பதிந்து அனுப்பினால் அவள் உடனே அழைத்துவிடுவாள்.

“அத்தான், நீங்கள் எல்லாத்தையும் ஒரே மாதிரிச் சொல்லுறியள். கல்லு அடுக்கிற மாதிரிக் கிடக்கு.”

“மச்சாள், நான் அழுத்தித்தானே சொன்னனான்.”

“எல்லாத்தையும் அழுத்திப் போட்டியள். ஒண்டை மட்டும் அழுத்துங்கோ. மிச்சத்தை விடுங்கோ.”

மிச்சத்தை விடுவதுதான் எனக்கு ஏலாமல் இருந்தது. கோயில் பஜனையில் கைத்தாளம் போட்ட கை இது. மனைவியின் இடது கையைப் பிடித்து மேசையில் தட்டத் தொடங்கினால் என் கை தானாகப் பஜனைக்குப் போய்விடும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, எல்லாம் சம அடி. அவள் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிடுவாள். ஏறுவதற்குக் கால் தூக்கினால் படி இல்லை என்பது போல ஒரு முழிப்பு. பேச்சுப் பயிற்சியாளர் என் கையைப் பிடித்து நிறுத்தி, அடுத்த சந்திப்புக்குள் பழகிக்கொண்டு வாருங்கள் என்பார். பள்ளிக்கூடத்தில் வாங்காத ஏச்செல்லாம் அந்தச் சின்ன அறையில் வாங்கினேன்.

பழகினேன். ட்ராம் கைப்பிடியில் தட்டினேன், குளிக்கும்போது தொடையில் தட்டினேன், சோறு வடிக்கும்போது மூடியில் தட்டினேன். ஒரு நாள் காலையில் மேசையில் அவள் கையைப் பிடித்து முதல் அடியை ஓங்கி, அடுத்ததை மெல்லத் தட்டினேன். நான் சொல்லவில்லை, தட்டினேன், அவ்வளவுதான். அவள் “ப்ரூன்உஸ்ட்” என்றாள். இரண்டு துண்டுக்கும் நடுவில் அந்த இம்மி இடைவெளி இருந்தது. நான் மாதக்கணக்கில் தொங்கிப் பிடிக்க முடியாத இடைவெளியை அவள் யோசிக்காமலே விட்டாள். நான் எழுந்து போய்க் குளியலறையில் நின்று அழுதுவிட்டு வந்தேன். அடுத்த வாரங்களில் பார்ணஹாகே வந்தது, வாஸ்கமஷீன் வந்தது, வேறும் இரண்டு வந்தன. மாட்பக்கே முதலே இருந்தது. இப்படியே போனால் வருடக் கடைசிக்குள் வசனம் வந்துவிடும், அதற்குப் பிறகு நோர்வே மொழியிலேயே சண்டை பிடிப்போம் என்று கணக்குப் போட்டேன். அதற்காக ஏச்சுச் சொற்கள் சிலவற்றையும் தங்கச்சியிடம் கேட்டு வைத்துக்கொண்டேன்.

அவளை வீட்டுக்குக் கூட்டிவந்ததும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். நோயாளி வீட்டுக்கு எங்கள் சனம் வெறும் கையோடு வராது. இடியப்பம், சொதி, மரக்கறி ரொட்டி, திருநீறு, தெரிந்த மருத்துவர்களின் பெயர்கள் எல்லாவற்றோடும் வரும். வந்தவர்கள் அவளுக்கு எதிரே வரிசையாக உட்கார்ந்து அவளைப் பற்றி என்னிடம் பேசுவார்கள். நித்திரை கொள்கிறாவோ, சாப்பிடுகிறாவோ, வெளிக்குப் போகிறாவோ. அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். பேசுகிறாள் என்று நான்தான் சொல்லிவிட்டேன். சொல்லாமல் எப்படி இருப்பது? அவ்வளவு காலம் எல்லோரும் உச்சுக்கொட்டியதைக் கேட்டுக்கொண்டிருந்தவன், ஒரு நல்ல செய்தி கிடைத்தால் வாயை மூடிக்கொண்டா இருப்பேன்?

“அப்பிடியோ? எங்கை, ஒருக்கால் சொல்லிக் காட்டச் சொல்லுங்கோ பாப்பம்.”

எங்கள் வீடுகளில் பிள்ளையாய் வளர்ந்தவர்கள் எல்லோருக்கும் இந்தக் குரல் தெரியும். விருந்தாளி வந்து உட்கார்ந்ததும் நாலு வயதுப் பிள்ளையைக் கொண்டுவந்து நடு வீட்டில் நிறுத்தி, மாமாவுக்கு ஒரு பாட்டுப் பாடிக் காட்டு என்பார்களே, அந்தக் குரல். பிள்ளை பாடும், எல்லோரும் கை தட்டுவார்கள், பிள்ளை வெட்கப்பட்டுத் தாயின் பின்னால் ஒளிக்கும். அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அப்படித்தான் நான் அவள் கையைப் பிடித்துத் தட்டினேன், அவள் சொன்னாள், வந்தவர்கள் கை தட்டினார்கள். ஐம்பது வயதை நெருங்கியவள். ஒரு பெரிய அலுவலகத்தில் சம்பளக் கணக்குப் பார்த்தவள். அவளுக்கு ஒளிக்கத் தாய் இல்லை, ஒளிந்துகொள்ள ஓடக் காலும் இல்லை.

“நல்லாக் கதைக்கிறா” என்றார் ஒரு அக்கா.

“என்ன சொல்லுறா?” என்று அவருடைய கணவர் கேட்டார்.

“துணி தோய்க்கிற மெசின் எண்டு சொல்லுறா, அண்ணை” என்றேன்.

“ஆ, மெசின். பாருங்கோவன், எல்லாம் ஞாபகம் இருக்கு.”

எல்லோருக்கும் நிம்மதி. தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள். அடுத்த வாரம் வேறு ஆட்கள் வந்தார்கள், அவர்களுக்கும் செய்தி தெரிந்திருந்தது. ஆஹென் நகரில் படிக்கும், மருமகன் முறையான ஒருவர் தொலைபேசியில் படம் பிடிக்கட்டுமா என்று கேட்டார். அதற்கு மட்டும் நான் விடவில்லை.

ஒரு நாள் பேச்சுப் பயிற்சியாளர் மேசையில் படங்களைப் பரப்பினார். பாண் பொதி, சீஸ், துணி இயந்திரம், சிறுவர் பள்ளி. அவள் சொல்லும் சொற்களின் படங்கள். மாட்பக்கே என்று சொல்ல வைத்துவிட்டு, அதைத் தொட்டுக் காட்டச் சொன்னார். அவள் துணி இயந்திரத்தைத் தொட்டாள். பார்ணஹாகே என்று சொல்ல வைத்துவிட்டுக் காட்டச் சொன்னார். சீஸைத் தொட்டாள். பயிற்சியாளரின் முகத்தைப் பார்த்து, அது பிழை என்று கண்டுகொண்டு பாணைத் தொட்டாள், பிறகு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தொட்டாள். எனக்கு அந்தப் படங்களை வாரித் தரையில் எறிய வேண்டும் போல இருந்தது.

அவர் என்னை வெளியே கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னார். ராகம் வருகிறது, அது முழுமையாக வருகிறது, அழுத்தம் பிசகாமல் வருகிறது. ஆனால் அதற்குள் பொருள் ஏறவில்லை. தெருவில் போகும்போது நம் வாயில் தானாக வரும் பாட்டு மாதிரி அது, அதை வைத்து அவர் உங்களிடம் எதையும் கேட்கவில்லை, எதையும் சொல்லவில்லை. இவ்வளவு காலத்தில் அது ஏறியிருக்க வேண்டும். இனி ஏறும் என்று நான் உங்களுக்கு வாக்குக் கொடுத்தால் அது பொய் என்றார். நான் சத்தம் போட்டேன். என் மனைவி பேசுவதை நீங்கள் உங்கள் காதால் கேட்டீர்கள்தானே என்று என் தட்டையான ஜேர்மனில் கத்தினேன். அவர் நான் முடிக்கும் வரை நின்று கேட்டார். பிறகு, உங்களுக்குப் பேச ஆள் தேவை, அவருக்கு இப்போது அது ஏலாது என்றார். என்னிடம் யாரும் அவ்வளவு நேராகப் பேசியதில்லை. அன்றைக்கு அவரை நான் வெறுத்தேன்.

ஜேர்மன்காரிக்கு நோர்வே மொழி என்ன தெரியும், தங்கச்சி வரட்டும் என்று இருந்தேன். அவள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தாள். அக்காவின் பக்கத்தில் கதிரையைப் போட்டு, காலையிலிருந்து அவர்களுடைய மொழியில் பேசினாள். பள்ளிக்கூடக் கதை, அப்பா பனியில் கார் உருட்டிய கதை. அக்கா சிரித்தாள். தங்கச்சி நிறுத்திய இடங்களிலெல்லாம் தன் முறைக்கு ஒரு சொல்லை எடுத்து வைத்தாள். குசினியில் இருந்து கேட்டால், பழைய ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்று மறுபடி வந்துவிட்டது என்றுதான் தோன்றும். நான் உருளைக்கிழங்கு உரிப்பதை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் அதைவிட இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை. மத்தியானம் தங்கச்சி குசினிக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

“அத்தான், தண்ணி வேணுமோ எண்டு கேட்டன். பார்ணஹாகே எண்டு சொல்லுறா. நோகுதோ எண்டு கேட்டன். அதுக்கும் ஏதோ ஒண்டு. என்ரை பேரைச் சொல்லச் சொல்லிக் கேட்டன். மாட்பக்கே எண்டுறா.”

“தமிழிலை கேட்டுப் பாத்தனீரோ?”

“ஓம். ரெண்டும் ஒண்டுதான்.”

அவள் உருளைக்கிழங்குத் தோல்களைக் கூட்டி அள்ளத் தொடங்கினாள். நான் அவளைத் தேற்றவில்லை, அவளும் என்னைத் தேற்றவில்லை. மூன்று நாள் இருந்துவிட்டு ஒஸ்லோவுக்குப் போனாள். போகும்போது, பதிந்து அனுப்ப வேறு என்ன சொல் வேண்டும் என்று கேட்டாள். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

நான் விடவில்லை. அதைப் பிடிவாதம் என்று சொல்லலாம். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, அவளுக்குச் சோறு ஊட்டி, கையைப் பிடித்துத் தட்டினேன். பொருள் இல்லாவிட்டால் இல்லாமல் போகட்டும், சத்தமாவது வீட்டில் இருக்கட்டும் என்ற நிலைக்கு வந்துவிட்டேன். நான் தட்டுவேன், அவள் சொல்வாள், நான் “ஓமோம், அதுதான்” என்பேன். பிறகு வேறொன்று. வெளியே நின்று யாராவது கேட்டால் இரண்டு பேர் பேசிக்கொள்கிறார்கள் என்றே நினைப்பார்கள். சில நாட்களில் நானும் அப்படி நினைத்தேன்.

போன மாதம் பேர்லினிலிருந்து என் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவரும் மனைவியும் வந்தார்கள். அங்கே நொய்கெல்ன் பகுதியில் கடை வைத்திருக்கிறார்கள், ஊருக்குப் போய் வந்தவர்கள், பனங்கட்டியும் மோர் மிளகாயும் கொண்டு வந்தார்கள். நல்ல மனிதர்கள். தேத்தண்ணீர் குடித்து முடித்ததும் அந்த அம்மா அவள் பக்கம் திரும்பி, குழந்தையோடு பேசும் குரலில், “எங்கை, எங்களுக்கும் ஒண்டு சொல்லிக் காட்டுங்கோ அக்கா” என்றார். என்னைப் பார்த்தார். நான் வழக்கம்போல அவளுடைய இடது கையைப் பிடித்து மேசைக்குக் கொண்டுபோனேன்.

அவள் கையை இழுத்துக்கொண்டாள். பிறகு அந்த ஒரே கையால் என் கையைப் பிடித்தாள். மெதுவாக மேசையிலிருந்து தூக்கி, என் மடியில் கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு எடுக்கவில்லை, மேலே தன் கையை வைத்து அழுத்தினாள். என் கண்ணைப் பார்த்தாள். வாயை மூடியிருந்தாள்.

“களைச்சுப் போனா போலை” என்றார் அந்த அம்மா. சொந்தக்காரர் ஊரில் வெயில் எப்படி என்று சொல்லத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் எழுந்து போனார்கள்.

அவர்களை ட்ராமுக்கு ஏற்றிவிட்டு வந்து நான் அவள் எதிரே உட்கார்ந்தேன். ஆட்கள் இருந்ததால்தான் வெட்கப்பட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, மேசையில் என் கையை வைத்து, மாட்பக்கேக்கு உரிய முதல் அடியைத் தட்டினேன். அவள் குனிந்து அந்தக் கையைப் பார்த்தாள். முன்னைப் போலவே அதைத் தூக்கி என் மடியில் வைத்தாள். கோபம் இல்லை. அவளுடைய கோபத்தை இருபத்தைந்து வருடம் பார்த்தவன் நான், அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இது களைப்பும் இல்லை. இத்தனை மாதங்களில் எத்தனையோ சொற்களைச் சரியான அழுத்தத்தோடு சொன்னவள் எனக்கு எதையுமே சொல்லியிருக்கவில்லை. இப்போது சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு மட்டும் சொன்னாள். எனக்கு அது முழுவதும் விளங்கியது, மொழிபெயர்க்க யாரும் தேவைப்படவில்லை. போதும், இனி என்னிடம் கேட்காதீர்கள் என்றாள்.

நான் “ஓம்” என்றேன். அதற்குப் பிறகு அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை.